கார் சப்வூஃபரில் வேண்டாத சத்தம்: ஓசையை வைத்தே கோளாறைப் பிடிப்பது எப்படி?

சப்வூஃபர் (சுருக்கமாகச் சப், பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) பக்கமிருந்து ஏதோ சத்தம் கேட்டதும் பலரும் முதலில் செய்வது, பெட்டியிலிருந்து சப்பைக் கழற்றுவது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. டிக்கியில் கேட்கும் சத்தம் பல நேரங்களில் சப்பினுடையதே அல்ல. சப் தள்ளும் காற்று காரின் தகரத்தை உலுக்குகிறது. எது சரியாக முடுக்கப்படாமல் இருக்கிறதோ அது கத்துகிறது. பழி மட்டும் சப்பின் தலையில் விழுகிறது.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப், ஒரு டார்ச், ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாய். குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையைச் சந்தேகப்படும் இடத்தருகே நகர்த்தினால், எந்த மூலையிலிருந்து சத்தம் வருகிறது என்று ஒரு விரற்கடை வரை குறுக்கிவிடலாம். கூட ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் வால்யூமைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் தடவிப் பார்க்கலாம்.

முதலில் மூன்று கேள்விகள்

பாட்டை நிறுத்திய பிறகும் சத்தம் இருக்கிறதா? இருந்தால் அது மின் இணைப்புக் கோளாறு. பெட்டியைத் தொடவே வேண்டாம், நேராகக் கீழே ‘உய்ங், ஹம்ம்’ என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

குறிப்பிட்ட ஒரு பேஸ் வரும்போது மட்டும் கேட்கிறதா? அப்படியானால் காரிலோ பெட்டியிலோ ஏதோ ஒன்று தனக்குரிய அதிர்வெண்ணில் ஆடுகிறது.

வால்யூமை ஏற்றும்போது மட்டும் வருகிறதா? அப்போது கெயின் (ஆம்ப் எனும் ஆம்ப்ளிஃபயர் சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் அளவு), கோன் எனும் ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் போகும் தூரம், போர்ட் எனும் பெட்டியின் காற்று வழியில் ஓடும் காற்று ஆகிய மூன்றையும் சந்தேகப்பட வேண்டும்.

பதில் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பாட்டை விட்டுவிட்டு டோனைப் போடுங்கள். நடுத்தர வால்யூமில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால், 43-லோ 58-லோ சத்தம் திடீரென்று முளைக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட எண்களில் வந்தால் ஆடுவதும் ஒன்றுக்கு மேற்பட்ட சாமானாக இருக்கலாம். ஒரே டோனை அதிக வால்யூமில் நிமிடக்கணக்கில் ஓட விடாதீர்கள். பாட்டில் இடைவெளி உண்டு, டோனில் இல்லை. கோனை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் சீக்கிரம் சூடாகிவிடும்.

லொடலொட, கடகட: காரின் உடம்பு

குறித்து வைத்த அதிர்வெண்ணை ஓட விட்டு, ஒவ்வொரு சாமானாகக் கையால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. வெளியே நின்று கேட்டால் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருந்தால் முதலில் நம்பர் பிளேட்டைப் பிடியுங்கள். பிளேட்டின் மேல்பகுதி ஸ்க்ரூவில் நிற்கும், கீழ்ப்பகுதி தகரத்தில் படபடவென்று அடிக்கும். பின்பக்கம் நான்கு மூலையிலும் ஃபோம் டேப் ஒட்டினால் போதும்.

அடுத்தது டிக்கி மூடி. அதன் இரு ஓரங்களிலும் திருகி உயரத்தை மாற்றக்கூடிய ரப்பர் குமிழ்கள் பல கார்களில் இருக்கும். நாள்பட அவை தேய்ந்து, மூடியும் பூட்டும் லேசாக ஆட ஆரம்பிக்கும். குமிழை அரைச் சுற்று, ஒரு சுற்று என்று வெளியே திருகிப் பாருங்கள். மூடி சற்று இறுக்கமாகச் சாத்தினால் சரி. பூட்டு கொக்கி மாட்டும் கம்பியில் துணி டேப் ஒரு சுற்று சுற்றினாலும் பலன் தெரியும்.

அப்புறம் உள்ளே. ஸ்டெப்னியைப் பிடிக்கும் போல்ட், ஜாக்கி, ஸ்பேனர் பை, பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பார்சல் டிரே, அதன்மேல் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு, யாரும் மாட்டாமல் தொங்கும் சீட் பெல்ட் கொக்கி. கடைசியாகச் சொன்னதை யாருமே சந்தேகப்படுவதில்லை. பிளாஸ்டிக் பேனலை அது தட்டும் சத்தம் அச்சு அசல் கிழிந்த கோன் மாதிரியே இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. பியூட்டைல் டாம்பிங் ஷீட்டை வாங்கி டிக்கி முழுக்க ஒட்டிவிட்டு, லொடலொட போகவில்லையே என்று கேட்பார்கள். அந்த ஷீட்டின் வேலை, அகலமான வெறும் தகரத்துக்கு எடை கொடுத்து அதன் ரீங்காரத்தை அடக்குவது. இரண்டு சாமான்கள் ஒன்றோடொன்று உரசுவதையோ தட்டுவதையோ அது நிறுத்தாது. அதற்கு இரண்டுக்கும் நடுவே ஃபோமோ ஃபெல்ட் துணியோ வேண்டும். விரலால் தட்டினால் தகரம் பாத்திரம் போல் ஒலிக்கும் இடத்துக்கு ஷீட், இரண்டு பொருள் தொடும் இடத்துக்கு ஃபோம்.

பெட்டியே டிக்கியில் நகர்ந்தாலும் இதே சத்தம்தான் வரும். அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, பெல்ட்டாலோ எல் கிளாம்பாலோ பிடித்துவிடுங்கள். கனமான பெட்டி கட்டப்படாமல் இருந்தால், திடீர் பிரேக்கில் அது சீட்டை நோக்கிப் பாயும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

புஸ்ஸென்று காற்று

பெட்டியில் போர்ட் இருக்கிறதா, மூடிய பெட்டியா என்பதைப் பொறுத்து இதற்கு அர்த்தம் மாறும்.

மூடிய பெட்டியில் காற்றுச் சத்தம் கேட்டால் அது கசிவுதான், வேறு பேச்சில்லை. 30 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு, புறங்கையை ஈரமாக்கிக்கொண்டு மூட்டுகளை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். ஊசி முனை அளவு ஓட்டையானாலும் ஈரத்தோலில் சில்லென்று தெரியும். சப்பின் விளிம்பு, ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் டெர்மினல் கிண்ணம், பலகைகள் சேரும் மூலைகள் என்ற வரிசையில் பாருங்கள். டெர்மினல் கிண்ணம்தான் அடிக்கடி மாட்டும். மெல்லிய பிளாஸ்டிக்கில் நான்கு சின்ன ஸ்க்ரூ. அடியில் காற்றை அடைக்கும் கேஸ்கெட் பெரும்பாலும் இருக்காது.

பெட்டியின் ஒரே அறையில் இரண்டு சப் இருந்தால் சோதனை இன்னும் எளிது. ஒன்றை உள்ளங்கையால் மெல்ல உள்ளே அழுத்திப் பிடியுங்கள். மற்றது வெளியே வந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு இறங்கினால் எங்கோ காற்று போகிறது.

சப்பின் விளிம்பில் கசிந்தால் பழைய கேஸ்கெட்டை எடுத்துவிட்டு காற்று ஊடுருவாத மூடிய துளை ஃபோம் டேப் ஒட்டி, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகப் போட்டுச் சமமாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழு இறுக்கம் கொடுத்தால் சட்டம் கோணிக்கொள்ளும். அது வேறு ஒரு நோயைக் கொண்டுவரும், கீழே வருகிறது. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையில் ஸ்க்ரூ பிடிமானமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரிய ஸ்க்ரூ போடுவது தற்காலிக வேலைதான். பலகைக்குப் பின்னால் பல்லுள்ள டி நட் வைத்து போல்ட் போடுவதே நிலைக்கும். மூலைக் கசிவை உள்பக்கமிருந்து சிலிக்கானால் அடைக்கலாம். வினிகர் வாடை வீசும் வகையாக இருந்தால் ஒரு நாளாவது திறந்து காய விட்டு, வாடை போன பிறகே சப்பை மாட்டுங்கள். அந்த ஆவி உள்ளே அடைபட்டால் சப்பின் பசைக்கும் செம்புக்கும் நல்லதல்ல.

போர்ட் உள்ள பெட்டியில், பேஸ் பலமாக வரும்போது மட்டும் போர்ட் வாயில் உஸ் உஸ் என்று கேட்டால் அது கசிவல்ல, காற்றின் வேகம். போர்ட்டில் காற்று விநாடிக்கு 17 மீட்டருக்குள் ஓட வேண்டும் என்பது பெட்டி வடிவமைப்பில் பொதுவாக வைக்கும் கணக்கு. போர்ட் குறுகலாக இருந்தாலோ வாய் கூர்மையான விளிம்போடு இருந்தாலோ காற்று சுழித்துச் சத்தம் போடும். விளிம்பை உருட்டலாம், இரு முனையிலும் விரிந்த வாயுள்ள குழாய் போடலாம். போர்ட்டைப் பெரிதாக்கவும் செய்யலாம். ஆனால் குறுக்குப் பரப்பை இரு மடங்காக்கினால், அதே டியூனிங் (போர்ட் ஒத்து ஒலிக்கும் அதிர்வெண்) நிற்க நீளமும் இரு மடங்குக்குச் சற்று மேலே போக வேண்டும். இது தெரியாமல் ஓட்டையை மட்டும் பெரிதாக வெட்டினால் பெட்டியின் டியூனிங் மேலே ஏறி, பேஸின் குணமே மாறிவிடும். போர்ட்டின் உள்முனைக்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவே குறைந்தது போர்ட்டின் விட்டமளவு இடைவெளி இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

டார்ச் அடிக்கும்போதே உள்ளே என்ன கிடக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். நாணயம், பாட்டில் மூடி, பொம்மைக் காரின் சக்கரம் எல்லாம் போர்ட் வழியாக உள்ளே போகும். குழந்தை இருக்கும் வீட்டில் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

பெட்டியே ரீங்கரித்தால்

டோன் ஓடும்போது ஒவ்வொரு பலகையிலும் உள்ளங்கையை வையுங்கள். ஒரு பலகை மட்டும் நடுவில் துடித்தால் அதற்கு உள்ளே குறுக்குக் கட்டை போதவில்லை. 18 மி.மீ. எம்டிஎஃப் ஆனாலும் பெரிய பலகைக்கு நடுவில் தாங்கல் வேண்டும். வெளியிலிருந்து செய்ய வழியில்லை. சப்பைக் கழற்றி, எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து ஒரு கட்டையை மரப்பசையோடு நிறுத்த வேண்டும். உள்ளே கை போகும்போதே ஸ்பீக்கர் ஒயர் பலகையில் அடிக்காமல் ஒட்டிவிடுங்கள். பஞ்சு நிரப்பியிருந்தால் அது சப்பின் காந்தத்துக்குப் பின்னால் உள்ள துளையையோ போர்ட் வாயையோ அடைக்காமல் ஒதுக்கிப் பொருத்துங்கள்.

சரசர என்று உரசல்

இதுதான் கவலைப்பட வேண்டிய சத்தம். குறைந்த வால்யூமிலும் இருக்கும், அடிப் பேஸில் தெளிவாகக் கேட்கும், உலர்ந்த தாளை விரலால் தேய்ப்பது போன்ற ஒலி.

ஆம்பை நிறுத்திவிட்டு, இரு கைகளின் விரல்களையும் கோனின் நடுவில் மூடிபோல் இருக்கும் டஸ்ட் கேப்பைச் சுற்றிச் சம இடைவெளியில் வைத்து, கோனை நேராக, மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். ஒரு பக்கமாக அழுத்தினால் நல்ல சப்பும் உரசத்தான் செய்யும், அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நேராகத் தள்ளும்போதும் விரல் நுனியில் சொரசொரப்பு தெரிந்தால், வாய்ஸ் காயில் காந்த இடைவெளியின் சுவரில் உரசுகிறது.

அந்த நிலையிலேயே சப்பைப் பெட்டியில் பிடித்திருக்கும் ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் தளர்த்தி மறுபடி தள்ளிப் பாருங்கள். உரசல் போய்விட்டால் சட்டம் கோணலாக முடுக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். சமமாக முடுக்கினால் வேலை முடிந்தது. போகவில்லை என்றால் சப்பை வெளியே எடுத்து, மடித்த துணியின்மேல் காந்தம் கீழிருக்க வைத்து, மிகக் குறைந்த வால்யூமில் ஓட்டுங்கள். பெட்டிக்கு வெளியே கோனைத் தடுக்கக் காற்று அழுத்தம் இல்லாததால் வால்யூமை ஏற்றவே கூடாது. இங்கேயும் உரசினால் கோளாறு சப்புக்குள்தான். சூட்டில் காயில் உப்பியிருக்கலாம், பசை விட்டு, காயிலை நடுவில் தாங்கும் ஸ்பைடர் இறங்கியிருக்கலாம், கீழே விழுந்து காந்தம் நகர்ந்திருக்கலாம்.

மல்டிமீட்டரும் ஒரு சாட்சி. 4 ஓம் காயில் மீட்டரில் சுமார் 3.2 முதல் 3.8 வரை காட்டும். சரியாக 4 காட்டவில்லையே என்று பயப்பட வேண்டாம். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. 1 ஓமுக்கும் கீழே போனால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, ஆம்பில் மாட்டாதீர்கள். இரட்டைக் காயில் சப்பில் இரண்டையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள். எரிந்த வாடை வந்தால் அளக்கவே தேவையில்லை.

உரசும் காயிலுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. கோன், காயில், ஸ்பைடர் எல்லாவற்றையும் மாற்றும் ரீகோன் வேலை, இல்லையென்றால் புது சப். சாதாரண சப்புக்கு ரீகோன் செய்வது என் கணக்கில் வீண். கனமான காந்தமுள்ள நல்ல சப்புக்கு மட்டும் அது தகும்.

டக், டக் என்று இடி

பெரிய பேஸ் வரும்போது சுத்தியலால் தட்டியது போல் கேட்டால் காயில் பின்னால் போய் இரும்புத் தட்டில் மோதுகிறது. உடனே வால்யூமைக் குறையுங்கள், இப்படியே தொடர்ந்தால் காயில் நசுங்கிவிடும்.

போர்ட் பெட்டியில் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். டியூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும் பெட்டிக் காற்று கோனைப் பிடிப்பதில்லை. சப் வெட்டவெளியில் ஓடுவது போல் ஓடும். 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த பெட்டியில் 25 ஹெர்ட்ஸ் வந்தால் கோன் கட்டுப்பாடில்லாமல் தாவும். ஆம்பில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இருந்தால் டியூனிங்குக்குச் சற்றுக் கீழே, 30 அளவில் வையுங்கள். மூடிய பெட்டியில் இடி கேட்டால் கசிவைத் தேடுங்கள், பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யமாக்குங்கள்.

படபட, பிர்ர்

கோனுக்குப் பின்னால் பார்த்தால் டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் இரண்டு தெரியும். அவை நீளமாகத் தொங்கினால் கோன் தாவும்போது கோனையோ ஸ்பைடரையோ அடிக்கும். கோனைக் கையால் தள்ளிக்கொண்டே டார்ச்சில் பாருங்கள், எங்கே தொடுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். தொடும் இடத்தில் சிறிய ஃபோம் துண்டு ஒட்டலாம். ஒயரை வெட்டிச் சுருக்க வேண்டாம். இழுபட்டால் சீக்கிரம் அறுந்துவிடும். டஸ்ட் கேப்போ, கோனைச் சுற்றியுள்ள வளையமான சரவுண்டோ ஓரத்தில் பசை விட்டிருந்தாலும் இதே பிர்ர் கேட்கும். விரல் நகத்தால் விளிம்பைச் சுற்றித் தடவினால் விட்ட இடம் தெரியும். ரப்பர் சரவுண்டுக்கு நெகிழும் பசை போதும். நொறுங்க ஆரம்பித்த ஃபோம் சரவுண்டை மாற்றத்தான் வேண்டும்.

சத்தமாக வைத்தால் மட்டும் கரகரப்பு

சப்பில் ஒரு குறையும் இல்லாமலே வரும் சத்தம் இது. ஆம்பின் கெயின் குமிழை வால்யூம் குமிழ் என்று நினைத்து முழுக்கத் திருகிவிடுவதால் அலையின் தலை வெட்டுப்படுகிறது. முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்ட அலை, அதே உச்ச உயரமுள்ள நல்ல அலையைவிட இரு மடங்கு சக்தியைக் காயிலுக்குள் திணிக்கும். சப் எரிவதற்கு இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

சரிசெய்ய மீட்டர் போதும். சப் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ) வால்யூம் முக்கால் பங்கு, 50 ஹெர்ட்ஸ் டோன். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளை அளந்துகொண்டே கெயினைத் திருகுங்கள். எத்தனை வோல்ட் வரை? வாட்டையும் ஓமையும் பெருக்கி அதன் வர்க்கமூலம். 4 ஓமில் 300 வாட் என்றால் 34.6 வோல்ட், 2 ஓமில் 500 வாட் என்றால் 31.6. அதோடு நிறுத்திவிடுங்கள்.

உய்ங், ஹம்ம்: பாட்டு இல்லாமலே

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உய்ங் என்று சுருதி ஏறுகிறதென்றால் அது ஆல்டர்நேட்டர் இரைச்சல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த இரைச்சல் பெரும்பாலும் சப் வாசிக்கும் எல்லைக்கு மேலே இருக்கும், தாழ்ந்த ஒலியை மட்டும் விடும், 80 ஹெர்ட்ஸில் வைத்த லோ பாஸ் ஃபில்டர் அதை வெட்டிவிடும். ஆக, உய்ங் உண்மையில் சப்பிலிருந்துதான் வருகிறதா, கதவு ஸ்பீக்கரிலிருந்தா என்று காதை வைத்துப் பாருங்கள். சப்பிலிருந்தே வந்தால் ஃபில்டர் அணைந்திருக்கிறது.

இடத்தைப் பிடிக்க, ஆம்பை நிறுத்தி, ஹெட் யூனிட்டிலிருந்து சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயர் இரண்டையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் இன்னும் இருந்தால் ஆம்ப் அல்லது அதன் பவர், கிரவுண்ட் (காரின் உடலோடு சேர்க்கும் நெகட்டிவ் இணைப்பு). போய்விட்டால் ஆர்சிஏ ஒயர் அல்லது ஹெட் யூனிட்.

கிரவுண்டைச் சோதிக்க ஓம் அளப்பதைவிட வோல்ட் அளப்பது நம்பகமானது. பாட்டு பலமாக ஓடும்போது ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை ஆம்பின் கிரவுண்ட் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு சரியில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கிரவுண்ட் போல்ட் இருக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டுங்கள். ஒயர் பவர் ஒயரின் தடிமனே இருக்கட்டும், அரை மீட்டருக்குள் முடியட்டும். சீட் பெல்ட் போல்ட்டை கிரவுண்டாக்குவது வழக்கமாகிவிட்டது, அது தவறு. உயிர் காக்கும் போல்ட்டைக் கழற்றி மாட்டுவது ஒரு பக்கம், பல கார்களில் அதன் மரையில் இருக்கும் பூச்சும் மின்சாரத்தைச் சரியாக விடாது.

ஆர்சிஏ ஒயரில் இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசலேட்டரை மாட்டினால் சத்தம் போகலாம். விலை குறைந்த வகைகளில் அடிப் பேஸும் சேர்ந்தே போகும். சப்புக்கு அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

விட்டு விட்டு வந்தால், ஆன் செய்யும்போது தொம் என்றால்

பேஸ் அடிக்கும்போதெல்லாம் சப் ஒரு கணம் செத்துப் பிழைத்தால், அந்தக் கணத்தில் ஆம்பின் பவர் முனைகளில் வோல்ட்டைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டியது 11-க்குக் கீழே விழுந்தால் ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. அதே நேரத்தில் பேட்டரியில் வோல்ட் நன்றாக இருந்தால் ஒயரோ ஃபியூஸ் பிடிப்பானோதான் கோளாறு. பேட்டரியிலும் விழுந்தால் பேட்டரி அல்லது ஆல்டர்நேட்டர். வோல்ட் நிலையாக இருந்தும் விட்டு விட்டு வந்தால், மீட்டரை ஓமில் வைத்து சப் முனைகளில் மாட்டி, கோனை மெல்லத் தள்ளுங்கள். எண் குதித்தால் பின்னல் ஒயர் பாதி அறுந்திருக்கிறது.

ஆன் செய்யும்போது தொம் என்றால் ஹெட் யூனிட் முழுதாக எழும் முன் ஆம்ப் எழுந்துவிடுகிறது. ஆம்பை எழுப்பும் ரிமோட் ஒயரை ஹெட் யூனிட்டின் ரிமோட் முனையிலிருந்தே எடுத்திருக்கிறார்களா, இக்னிஷனிலிருந்து எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் மாற்றுங்கள். அப்படியும் போகாவிட்டால் ரிமோட் ஒயரில் ஒரு டிலே ரிலே சேர்த்து, ஆம்பை ஒன்றிரண்டு விநாடி தாமதமாக எழுப்பலாம்.

சத்தமே இல்லாமல் பேஸ் மட்டும் சப்பென்று ஆகிவிட்டது, இரண்டு சப் இருக்கிறது என்றால், ஒன்றின் ஒயர் தலைகீழாக இருக்கும். 1.5 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை சப்பின் பாசிட்டிவில் ஒரு கணம் தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால், உள்ளே போவதன் இரு ஒயரையும் இடம் மாற்றுங்கள்.